பாட்டனார் துப்பாக்கியும் பறவை இறைச்சியும்

“வேட்டை ஹலால்தானே, ஹஜ்ரத்? பாட்டனார் காலத்து 8 போர் துப்பாக்கியொன்று விலைக்கு வருகிறது. கார்த்திகையில் வாத்துகள் இறங்கும்போது உதவுமே!” என்று தஞ்சைத் தரணியின் செல்வந்தர் ஒருவர் என்னிடம் வினவினார்.

வேட்டை ஹலால், மறுப்பார் இலர். ஆயின், அத்துப்பாக்கியால் வீழ்ந்தது ஹலாலா என்பதன்றோ கேள்வி?

ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான எத்தனை குண்டுகளாக்கினால் அவற்றுள் ஒன்று குழாயில் பொருந்துமோ, அவ்வெண்ணே ‘போர்’ எனப்படும். எண் குறையக் குறைய வாய் பெருக்கும். 12 வழக்கமான அளவு. 8, 4 ஆகியவை பேருருவங்கள். ஒரே வெடியில் ஈயச் சிதறல்களை மிகுதியாகப் பொழிந்து பறவைக் கூட்டத்தை வீழ்த்த வல்லவை.

எறிபடையின் கூர்முனை பட்டு இறந்ததை உண்ணலாம். அகலப்பகுதி தாக்கி இறந்ததை உண்ணலாகாது என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. அடிபட்டுச் செத்தது விலக்கப்பட்டதென்பதை மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனமும் கூறும். உருண்டை ஈயத்துக்குக் கூர்முனை ஏது? மாலிக்கி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் ஆகுமென்றனர், உண்மைதான். நாம் பின்பற்றும் ஷாபிஈ, ஹனபி நூல்களோ உயிருடன் பிடித்து அறுத்தால்தான் ஆகுமென்கின்றன. ஒரே வெடியில் இருபது பறவைகள் சேற்றிலும் கோரையிலும் விழுந்தால், உயிர் பிரியுமுன் இருபதையும் அறுக்கும் கை எங்கே? பெருவாய்த் துப்பாக்கியின் பெருமை எதுவோ, அதுவே அதன் குற்றம்!

நாட்டுச் சட்டமும் இடந்தரவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எஞ்சியிருந்த வேட்டை உரிமங்களையும் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. கோடியக்கரை 1967 முதலும், வடுவூர் ஏரி 1999 முதலும் சரணாலயங்கள். சுடத்தக்க துப்பாக்கி எத்துணைப் பழையதாயினும் உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம்.

“அந்தக் காலத்தில் சுட்டார்களே!” எனலாம். சுட்டார்கள். 1938 நவம்பரில் பரத்பூரில் வைசிராய் லின்லித்கோ குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைக் கொன்றனர். அது பசிக்கு நேர்ந்த வேட்டையா? வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் முறையிடும் என்ற கருத்துடைய ஹதீஸை நஸாயி பதிவு செய்துள்ளார்களே!

சுட்ட ஈயமும் சேற்றில் கிடந்து கொல்கிறது. அரைவைக் கல்லென்று வாத்து அதை விழுங்கி நஞ்சேறி மடிகிறது. இதனாலேயே அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சிதறலைத் தடை செய்தது.

அன்பரே, அத்துப்பாக்கியை வாங்காதீர். கார்த்திகையில் மக்களுடன் வடுவூர்க் கரையில் நின்று, கிளுவையும் ஊசிவால் வாத்தும் இறங்குவதைப் பாரும். சட்டமும் மார்க்கமும் ஒருங்கே அனுமதிப்பது அதுவே.