ஊரை விட்டாலும் ஊரின் பெயரை விடலாகாது

யப்பானின் தலைநகராகிய ரோக்கியோவில், கின்சா, யுராக்குச்சோ, நிஹொன்பாஷி ஆகிய பகுதிகளில் விசேட கடைகள் சில உண்டு. நாட்டின் 47 மாகாணங்களுள் பல தத்தமது பெயரில் அவற்றை நடத்தி வருகின்றன. வடக்கேயுள்ள ஹொக்கைடோவின் கடையில் பாற்பொருட்களும் கடலுணவும் கிடைக்கும். தெற்கேயுள்ள ஒகினாவாவின் கடையில் கரும்பிலிருந்து காய்ச்சிய கருஞ்சீனி கிடைக்கும். தூரத்து ஊர்களின் ஊறுகாய், அரிசி, மட்பாண்டம், மரப்பாத்திரம் எல்லாவற்றையும் பட்டணத்து மக்கள் இங்கேதான் முதன்முதலாகக் காண்கிறார்கள். இவற்றை ‘அன்ரெனாக் கடைகள்’ என்பர். அன்ரெனா காற்றிலுள்ள ஒலியைப் பிடித்துத் தருவது போல, வாங்குவோரின் சொல்லைப் பிடித்து ஊருக்கு அனுப்புவது இக்கடைகளின் வேலை.

பட்டணத்தின் நடுவே கடை வைப்பதற்குச் செலவு அதிகம். மக்களின் வரிப்பணத்தை இதற்குச் செலவிடலாமா என்று அங்கும் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வியே. ஆயினும் இலாபத்தை மட்டும் வைத்து இக்கடைகளை அளக்கக் கூடாது என்பது எமது கருத்து. சாதாரண சந்தையில் மூடை வியாபாரியின் கைக்குப் போனவுடன் ஊரின் பெயர் அழிந்துவிடுகிறது. விளைவித்தவர் யார் என்று உண்பவருக்குத் தெரியாது. உண்டவர் என்ன சொன்னார் என்று விளைவித்தவருக்கும் தெரியாது. இந்த இரண்டு குறைகளையும் நீக்குவதே இத்தகைய கடையின் உண்மையான பயன்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் புக்குஷிமா மாகாணம் காட்டுகிறது. 2011 மார்ச் 11ஆம் திகதி பூமியதிர்ச்சியும் சுனாமியும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து அங்குள்ள அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். விபத்து நடந்த இடத்திலிருந்து வெகுதூரத்தில் விவசாயம் செய்த கமக்காரரின் விளைச்சலைக்கூட வாங்க ஆட்கள் தயங்கினர். ஊரின் பெயரே பாரமாகிவிட்டது.

பெயரை மறைத்து மலிவாக விற்பது இலகுவான வழி. ஆனால் அம்மக்கள் கடினமான வழியையும் தெரிந்தெடுத்தனர். 2012இலிருந்து மாகாணத்தில் விளைந்த அரிசி மூடை ஒவ்வொன்றையும் கருவியில் வைத்துக் கதிரியக்கம் உண்டா என்று சோதித்தார்கள். 30 கிலோ மூடைகளாக வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு கோடி! கிலோவுக்கு 100 பெக்கரல் என்ற எல்லையைத் தாண்டியவை 2012இல் 71 மூடைகள். 2015இன் விளைச்சலிலிருந்து ஒன்றுமேயில்லை. 2014இல் நிஹொன்பாஷியில் ‘மிதெத்தே’ என்ற கடையைத் திறந்தார்கள். ‘பார்த்துவிட்டுப் போங்கள்’ என்பது அவ்வூர்ப் பேச்சில் அதன் பொருள். ஒளித்து வைக்க ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிட நல்ல பெயர்ப்பலகை இருக்க முடியாது.

நமியே என்ற ஊரின் குயவர்களுடைய நிலை இன்னும் கடினமானது. அங்கே ஓபோரி என்னும் பகுதியில் முந்நூறு வருடங்களுக்கு மேலாக ‘ஓபோரி சோமா’ என்ற மட்பாண்டம் செய்து வந்தார்கள். பூச்சில் மெல்லிய நீலக் கீறல்கள், ஓடும் குதிரையின் படம், சூடு கையைச் சுடாதபடி இரட்டைச் சுவர் என்பன அதன் அடையாளங்கள். இருபதுக்கும் மேற்பட்ட சூளைகளைக் கைவிட்டு அவர்கள் போக நேர்ந்தது. பூச்சுக்கு வேண்டிய கல்லையும் எடுக்க முடியவில்லை. மாகாண ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஈடான மூலப்பொருளை உருவாக்கிக் கொடுத்தது. 2012இல் நிஹொன்மட்சு என்ற ஊரில் பொதுச் சூளை ஒன்றை அமைத்தனர். வேறு சிலர் தாம் குடியேறிய இடங்களிலேயே சூளை வைத்தனர். எல்லோரும் தொழிலுக்குத் திரும்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேறு ஊரில், வேறு கல்லைக் கொண்டு செய்தது ஓபோரிப் பாத்திரமாகுமா என்று கேட்கலாம். ஆகும் என்போம் நாம். நிலத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. கையின் பழக்கத்தையும் ஊரின் பெயரையும் கொண்டு செல்லலாம். அவை தொழில் செய்பவருடைய முதல். அவற்றை வேறு எவரும் தமதாக்கிக்கொள்ள இடங்கொடுக்கலாகாது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இரக்கத்தினால் விற்பனை நெடுநாள் நிற்காது. 2024 ஜனவரி முதலாந் திகதி நோட்டோ தீபகற்பத்தைப் பூமியதிர்ச்சி தாக்கியபோது, ரோக்கியோவிலிருந்த இஷிக்காவா மாகாணக் கடையில் வாங்குவோர் திரண்டார்கள். அது நல்ல மனம். ஆனால் முதல்முறை வாங்க வைப்பது இரக்கம்; இரண்டாம் முறை வாங்க வைப்பது பொருளின் தரம். ஆகவே, ‘உப்புக் கூடிவிட்டது’, ‘கிண்ணம் பாரமாயிருக்கிறது’ என்று வாங்குபவர் சொல்லும் குறையைச் செய்தவரின் காதில் போடும் கடையே நல்ல கடை. புகழ்ச்சியை மட்டும் கொண்டுவரும் கடையால் ஊருக்குப் பயனில்லை.

கடைத்தட்டிலுள்ள பெயர் காணியை மீட்டுத் தராது. இதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஓபோரியின் ஒரு பகுதிக்குத் தடை நீங்கியது 2023இலேதான். ஆனால் அதற்கு முன்னமே, 2021இல், நமியேயின் தெருவோர விற்பனை நிலையத்தில் ஓபோரிப் பாத்திரங்களுக்கும் இடமுள்ள மண்டபம் ஒன்று திறந்தாயிற்று. சனங்களில் பெரும்பாலானோர் திரும்புமுன்பே பெயர் ஊருக்குத் திரும்பிவிட்டது. இடையில் அதை எவரும் கைவிடாததே காரணம்.