ஒரு சிலிண்டரில் எத்தனை மணி நேரம் ஓடும்?

வேதாரண்யம் பகுதியில் நாட்டுக்கோழி வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘500 முட்டை வைக்கும் இன்குபேட்டரும், குஞ்சுகளுக்கான புரூடரும் இருக்கின்றன. இரண்டரை கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை கேஸில் ஓடும்படி மாற்றித் தருவதாகவும், ஒரு சிலிண்டர் போட்டால் ரெண்டு நாள் தாராளமாக ஓடும் என்றும் மெக்கானிக் சொல்கிறார். நம்பலாமா? மழைக்காலத்துக்குள் முடிவு செய்ய வேண்டும்.’

வேதாரண்யத்துக்காரர் இப்படிக் கேட்பதில் ஆச்சர்யமில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது அந்தப் பக்கம்தான். அதன்பின் பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. கேஸுக்கு மாறும் யோசனையிலும் நியாயம் இருக்கிறது. பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருந்தால் கெட்டுப்போய் கார்புரேட்டரில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு இழுத்தால் ஸ்டார்ட் ஆகாது. சிலிண்டரில் இருக்கும் கேஸ் கெடாது. கரன்ட் இல்லாத ஊரில் பெட்ரோல் பங்கில் வரிசை நிற்கவும் வேண்டாம்.

ஆனால், ‘ரெண்டு நாள் தாராளமாக’ என்பது கணக்கு இல்லை. எந்தச் சுமையில் ரெண்டு நாள் என்று சொன்னால்தான் அது கணக்கு.

ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் இருக்கும் வெப்பத்தை மின்சாரமாகச் சொன்னால் சுமார் 12.7 யூனிட். சின்ன இன்ஜின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். மீதி புகையாகவும் சூடாகவும் போய்விடும். ஆக, நல்ல சுமையில் ஓடும்போது கிலோவுக்கு சுமார் இரண்டரை யூனிட் கிடைக்கும். சுமை குறைந்தால் கேஸும் அதே அளவுக்குக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரு பல்புகூடப் போடாமல் சும்மா ஓடினாலும், இந்த அளவு ஜெனரேட்டர் மணிக்கு 300 கிராம் வரை குடிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட் சுமைக்கும் இன்னொரு 300 கிராம் என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம்.

வாசகரின் பண்ணையைப் பார்ப்போம். இன்குபேட்டர் ஹீட்டர் 400 வாட் என்றால், தெர்மோஸ்டாட் அதைப் பாதி நேரம் நிறுத்திவைக்கும். சராசரி 200 வாட். மின்விசிறிக்கும் முட்டை திருப்பும் மோட்டாருக்கும் 60. புரூடரில் 60 வாட் குண்டு பல்பு நான்கு, 240. வெளிச்சத்துக்கு 20. மொத்தம் 520 வாட். மணிக்கு 450 கிராமிலிருந்து 470 கிராம் வரை கேஸ் செலவாகும். 19 கிலோ சிலிண்டரில் கடைசி ஒரு கிலோவை நம்பக் கூடாது. 18 கிலோவுக்கு 38 மணி நேரம் வரும். அதிகாலை 4 மணிக்குக் கரன்ட் போனால் மறுநாள் மாலை 6 மணிக்கு சிலிண்டர் தீர்ந்துவிடும். மெக்கானிக் சொன்ன ‘ரெண்டு நாள்’ முடிய இன்னும் 10 மணி நேரம் இருக்கிறது. அந்தப் பத்து மணி நேரமும் இரவு. புரூடரில் ஒரு வாரக் குஞ்சுகள் இருந்தால் விடியும்போது மூலையில் குவிந்து செத்துக் கிடக்கும்.

இதுவும் காகிதக் கணக்குதான். சரியான கணக்கைத் தராசு சொல்லும். கோழி எடை போடும் பிளாட்பார்ம் தராசே போதும். சிலிண்டரை நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு, பண்ணையில் வழக்கமாக ஓடும் எல்லாவற்றையும் போட்டு மூன்று மணி நேரம் ஓட்டி, மறுபடி நிறுக்க வேண்டும். ஆரம்பத்தில் 37.2 கிலோவும் முடிவில் 35.8 கிலோவும் இருந்தால், செலவானது 1.4 கிலோ, மணிக்கு 470 கிராம். காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்து வளையத்தில் எழுதப்பட்டிருக்கும். அதைக் கழித்தால் மீதி கேஸ் எவ்வளவு என்பது எந்த நேரத்திலும் தெரியும். வீட்டில் பெண்கள் ஈரத்துணியால் துடைத்து, எதுவரை ஈரம் காயாமல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். சமையலுக்கு அது சரி. 500 முட்டைக்குத் தராசுதான் சரி.

ஐந்து நாள் கரன்ட் இல்லாமல் தொடர்ந்து ஓட்டினால் 56 கிலோ, அதாவது மூன்று சிலிண்டர் துடைத்தெடுத்தாற்போல் காலியாகும். அப்படி ஓட்டத் தேவையில்லை. சும்மா ஓடினாலே 300 கிராம் என்பதால், சுமையைச் சேர்த்துப் போட்டு, குறைந்த நேரம் ஓட்டுவதுதான் லாபம். தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் எல்லாவற்றையும் ஜெனரேட்டர் ஓடும் நேரத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மோட்டாரை முதலில் ஸ்டார்ட் செய்துவிட்டு மற்றதைப் போடுவது நல்லது. கேஸில் ஓடும்போது ஜெனரேட்டரின் திறன் பெட்ரோலைவிடப் பத்து சதவிகிதம் வரை குறைவு. அரை ஹெச்.பி. மோட்டார்கூடக் கிளம்பும்போது பல மடங்கு கரன்ட் இழுக்கும்.

நிறுத்திவைக்கும் நேரத்தில் முட்டை கெடாதா? அடைக்கோழியே தினமும் இரை எடுக்க எழுந்து போகிறது. முதல் இரண்டு வார முட்டைகள் சிறிது நேரம் ஆறுவதைத் தாங்கும். 18 நாளுக்கு மேற்பட்ட முட்டைகளின் நிலைமை வேறு. உள்ளிருக்கும் குஞ்சே சூட்டை வெளிவிடும். விசிறி நின்று பெட்டி மூடிக் கிடந்தால் மூச்சு முட்டும். அந்த 60 வாட்டை இன்வெர்ட்டரில் கொடுத்துவிட வேண்டும். தினசரி ஓரிரு மணி நேர மின்வெட்டுதான் பிரச்னை என்றால் இன்வெர்ட்டர் மட்டுமே போதும். ஜெனரேட்டரைத் தொடவே வேண்டாம்.

இனி, மெக்கானிக் சொல்லாமல் விட்டவை. வீட்டு உபயோக 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை ஜெனரேட்டருக்குப் பயன்படுத்தக் கூடாது. 2000-ம் ஆண்டு எல்.பி.ஜி. வினியோக ஒழுங்குமுறை ஆணைப்படி அது குற்றம். வணிக இணைப்பு வாங்கி, நீலநிற 19 கிலோ சிலிண்டர்தான் போட வேண்டும். அடுத்தது ரெகுலேட்டர். சிலர் கார்புரேட்டருக்குள் ஒரு டியூபைச் செருகி, கையால் திருகும் வால்வு வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இன்ஜின் திடீரென்று நின்றால் அதில் கேஸ் வந்துகொண்டே இருக்கும். இன்ஜின் உறிஞ்சினால் மட்டும் கேஸ் விடும் ரெகுலேட்டர் உள்ள கிட்தான் வேண்டும். மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. மோட்டார் குழி, கிணற்று மேடைக்குக் கீழே போன்ற பள்ளங்களில் தேங்கி நிற்கும். ஜெனரேட்டரையோ சிலிண்டரையோ அங்கே வைக்கவே கூடாது. கேஸ் என்றால் புகையில்லை, கொட்டகைக்குள்ளேயே ஓட்டலாம் என்று நினைப்பது இன்னும் மோசம். நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இதிலும் வரும். ஆள் விழுந்துவிடுவார். கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில், மேலே மட்டும் கூரை போட்டு ஓட்ட வேண்டும். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் வீட்டு லைனில் கொடுப்பதும் ஆளைக் கொல்லும். புயலுக்கு மறுநாள் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியரை, லைன் வழியாகத் திரும்பிப் போகும் அந்தக் கரன்ட் அடிக்கும்.

நீண்ட நேரம் ஓட்டினால் எட்டு மணிக்கு ஒரு முறை நிறுத்தி ஆயில் பார்க்க வேண்டும். சிலிண்டர் நின்ற நிலையில்தான் இருக்க வேண்டும்.

கோத்தகிரி வாசகர் ஒருவரும் இதே போன்ற கேள்வி கேட்டிருக்கிறார். அவர் பார்த்த வெளிநாட்டு அட்டவணையில் எரிபொருள் புரொப்பேன், அளவு கேலனில். அமெரிக்க கேலன் ஒன்று புரொப்பேன் என்பது 1.9 கிலோ; இதை வைத்துக் கிலோவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால், நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். பியூட்டேனுக்கு ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியாவது வேண்டும். மலையில் மார்கழிக் குளிரில், சிலிண்டர் பாதிக்குமேல் காலியான பிறகு வெளிப்புறம் பனி பூத்து, இன்ஜின் திணறினால் காரணம் இதுதான். கேஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சுமையைக் குறைக்கலாம். அல்லது இரண்டு சிலிண்டரை முறையான இணைப்பில் சேர்த்து ஓட்டலாம். சிலிண்டரை நெருப்புப் பக்கம் நகர்த்துவதோ, கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவதோ கூடாது.