கலகக்காரர் எழுத்தும் கடன் அட்டையும்

வர்த்தகருக்குச் சித்திரம் வரைந்து கொடுப்போர் யாவரும் தம் கலையை விற்றவரே என்று பேசுவது நம் மாணவர் சிலரிடையே வழக்கமாயிருக்கிறது. அக்கொள்கைக்கு நாம் உடன்படோம். கூலி பெறுதல் குற்றமன்று. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு அதனை விளக்குவோம்.

1970ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த கிராய்டனில் ஜேமி ரீட் என்பவர் நண்பரோடு கூடிச் சிறு அச்சகம் ஒன்று தொடங்கினார். எழுத்துக்களுக்குச் செலவிடப் பணமில்லாமையால், பழைய பத்திரிகைத் தலைப்புகளைக் கத்தரித்து ஒட்டியே சொற்களை அமைத்தார். ஓரெழுத்துப் பெரிது, அடுத்தது சிறிது. பார்வைக்குப் பிள்ளை பிடிப்போர் பணங்கேட்டு விடுக்கும் மொட்டைக் கடிதம் போலிருக்கும். வறுமை கற்பித்த இம்முறையையே 1977இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் பாடகர் குழுவின் இசைத்தட்டு உறைக்குக் கையாண்டார். எலிஸபெத் ராணியார் பட்டமெய்திய 25ஆம் ஆண்டு விழா நாடெங்கும் கொண்டாடப்பட்ட சமயம் அது. உறையிலோ, ராணியாரின் கண்களையும் வாயையும் அவ்வெழுத்துக்கள் மறைத்து நின்றன. பி.பி.ஸி. நிலையத்தார் பாட்டை ஒலிபரப்ப மறுத்தனர். ஆயினும் அது விற்பனை வரிசையில் 2ஆம் இடம் பெற்றது.

2015இல் வர்ஜின் மணி என்னும் வங்கி, அக்குழுவின் உறைச் சித்திரங்களைத் தன் கடன் அட்டைகளிற் பதித்து வெளியிட்டது. 1977இல் இசைத்தட்டை வெளியிட்டதும் வர்ஜின் என்ற பெயருடைய கம்பெனியே. இரண்டும் ரிச்சர்ட் பிரான்ஸன் தொடங்கியவை. அன்றும் விலைக்குத்தானே விற்றார்கள் எனலாம். மெய்தான். ஆனால் அன்று உறை சொன்னதையே உள்ளிருந்த பாட்டும் சொல்லிற்று. அட்டையோ, தவணை தவறினால் வட்டி கேட்கும். லேவாதேவிக்காரர் கலகக்காரன் சட்டையை இரவல் வாங்கி உடுத்தியிருப்பது நமக்கு வேடிக்கையாயிருக்கிறது; சற்றே அருவருப்பாயும் இருக்கிறது. சரக்குக்குப் பொருந்தாத வேடத்தைச் சரக்கின்மேல் ஏற்றுவதையே நாம் குற்றமென்கிறோம்.

1964இல் கென் கார்லண்டு என்னும் சித்திரக்காரர் ஓர் அறிக்கையை 400 பிரதிகள் அச்சிட்டார். 22 பேர் கையொப்பமிட்டிருந்தனர். பூனைத்தீனி, பற்பசை முதலியவற்றைப் புகழ்வதிலேயே தம் திறமை வீணாகிறதென்று முறையிட்ட அவர்களும், விளம்பரத்தை ஒழித்துவிடும்படி கேட்டாரில்லை. புத்தகம், தெருப்பலகை, கல்விச் சாதனம் போன்றவற்றுக்கு முதலிடம் வேண்டினர், அவ்வளவே. கார்லண்டு தாமும் கால்ட் என்னும் பொம்மைக் கம்பெனியாருக்குப் பல்லாண்டுகள் வேலை செய்தார். அணு ஆயுத ஒழிப்பு இயக்கத்தாருக்குச் சுவரொட்டிகளும் வரைந்தார். பொம்மைப் பெட்டி பொம்மைப் பெட்டியாகவே இருந்தது.