பயிற்சி கடைமடையில் தொடங்கட்டும்

மீள்குடியேறிய கிராமங்களில் குளக்கட்டுகள் உயர்த்தப்படுகின்றன. துருசுகளுக்குப் புதிய கதவுகள் பூட்டப்படுகின்றன. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், அந்தக் கதவை எப்போது, எவ்வளவு நேரம் திறப்பது என்று ஊர் கூடித் தீர்மானிக்காவிட்டால் சீமெந்தினால் மட்டும் வயல் விளையாது.

முன்னர் இந்த அறிவு வரம்பில் நின்றே தந்தையிடமிருந்து பிள்ளைக்குக் கிடைத்தது. இடப்பெயர்வு அந்தத் தொடர்பை அறுத்துவிட்டது. முகாமில் பவுசர்த் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் இன்று குடும்பம் நடத்துகிறார்கள். முறைவைத்து மடை திறக்க அவர்கள் பழகாதது அவர்களுடைய குற்றமன்று. ஆகவே பயிற்சி தேவை. ஆனால் மண்டபத்தில் ஒருநாள் விரிவுரையும் மதியச் சாப்பாடும் பயிற்சியாகிவிடமாட்டா.

கல்லோயா இடதுகரையில் 1981 இல் நடந்ததை நாம் நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு சிறுபோகத்துக்குச் சேனநாயக்க சமுத்திரத்தில் கால்வாசி நீரே இருந்தது. இளம் அமைப்பாளர்கள் ஊரிலேயே தங்கி, ஒரே வாய்க்காலில் நீர் பெறும் குடும்பங்களை வீடுவீடாகச் சந்தித்தனர். சங்கமும் பதவிகளும் பின்னர்தான் வந்தன. முதலில் வேலை நடந்தது. சில கிழமைகளுக்குள் தூர்ந்த வாய்க்கால்கள் துப்புரவாயின. முறைவைத்துப் பாய்ச்சியதால் மேல்மடைச் சிங்கள விவசாயிகள் மிச்சம்பிடித்த நீர் கடைமடைத் தமிழ் பேசும் விவசாயிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 1988 இல் அரசு விவசாயிகளின் பங்கேற்புடனான நீர் முகாமைத்துவத்தைக் கொள்கையாக ஏற்பதற்கு இத்தகைய அனுபவங்களே வழிகாட்டின.

இதிலிருந்து நாம் முன்வைப்பவை சில.

பயிற்சி கடைசி வயலில் தொடங்கட்டும். அங்கிருந்து துருசு வரை எல்லாரும் வாய்க்கால் வழியே நடக்கட்டும். வெடித்த நிலத்தை மேல்மடைக்காரர் கண்ணால் காணாமல் எந்த விரிவுரையும் பயன்தராது.

குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களைப் பெயர்சொல்லி அழையுங்கள். உறுதி கணவனின் பெயரில் இருக்கலாம். வயலில் நிற்பவர் அவர். நடுச்சாமத்து முறையை அவருக்கு ஒதுக்கிவிட்டுச் சமபங்கு என்று சொல்வது நீதியன்று.

இன்னும் காணிக்குத் திரும்பாதவர்களின் பெயர்களும் வாய்க்கால் பட்டியலில் இருக்கட்டும். அவர்கள் வரும் நாளில் தண்ணீருக்காகக் கெஞ்சி நிற்கக்கூடாது.

போகத்துக்கு முந்திய கூட்டத்தின் தீர்மானங்கள் சட்டவலு உடையவை. அங்கே வாய் திறவாமல் இருந்துவிட்டுப் பின்னர் மடையில் மண்வெட்டியுடன் நிற்பதில் பயனில்லை. முறைகளைக் கொப்பியில் எழுதி எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். தண்டம் தலைவருக்கும் ஒன்றே.

தந்தையின் காலத்தில் வெட்டப்பட்டுத் தூர்க்கப்பட்ட கிணறுகளை ஈசாக்கு மீண்டும் தோண்டியதைத் தொடக்க நூல் கூறுகிறது. புதிதாகத் தோண்டிய இரண்டு கிணறுகளுக்காக வழக்கு எழுந்தது. மூன்றாவதில்தான் அமைதி கிடைத்தது. நமது ஊர்களிலும் முதற் போகத்தில் வாக்குவாதம் வரலாம். அதற்காகக் கூட்டத்தைக் கைவிடாதீர்கள். கடைசி வயலுக்குத் தண்ணீர் சேரும்வரை கூடுங்கள்.