அமெரிக்க நாட்டுப் பாடகர்களும் சமத்துவமும்

எந்தச் சீர்திருத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், “பட்டணத்திலுள்ள நாலு படித்தவர்கள் வேண்டுமானால் இதை ஒப்புக் கொள்ளலாமே தவிர, பட்டிக்காட்டு ஜனங்கள் ஒருநாளும் ஒப்ப மாட்டார்கள்” என்று சொல்லித் தப்பித்துக் கொள்வது வைதீகர்களின் வெகுநாளைய வழக்கமாகும். இப்படிச் சொல்லுகின்றவர்கள் பட்டிக்காட்டு ஜனங்களை ஒருநாளாவது நேரில் கேட்டுப் பார்த்தார்களா என்றால் அதுதான் கிடையாது. ஜனங்களின் பேரைச் சொல்லித் தங்கள் சரக்கை விற்பதே இவர்களுடைய தொழில். இந்தப் பித்தலாட்டம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல, எங்கும் உண்டு என்பதற்கு அமெரிக்க தேசத்து நாட்டுப் பாடகர்களின் சங்கதி ஒரு நல்ல உதாரணமாகும்.

அமெரிக்காவில் ‘கண்ட்ரி’ இசை என்பதாக ஒன்று உண்டு. தென் மாகாணங்களிலுள்ள மலைப் பிரதேசத்துக் குடியானவர்கள், நிலக்கரிச் சுரங்கக் கூலிகள், மாட்டுப் பண்ணைக்காரர்கள் ஆகியவர்களிடையே வளர்ந்த பாட்டு அது. டென்னிசி மாகாணத்து நாஷ்வில் பட்டணம் அதற்குத் தலைநகர். 1925-ல் அங்கே ரேடியோவில் ஆரம்பமான ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்னும் கச்சேரி இன்றளவும் நடந்து வருகின்றது. அது 1943 முதல் 1974 வரை நடந்து வந்த ரைமன் மண்டபம், 1892-ல் மதப் பிரசங்கத்திற்கென்றே கட்டப்பட்ட கட்டடம். தெற்கு பாப்டிஸ்ட் சபை என்னும் பெரிய கிறிஸ்தவ மத ஸ்தாபனத்தின் தலைமைக் காரியாலயமும் அதே பட்டணத்தில்தான் இருக்கின்றது. ஆகவே பாட்டும் பாதிரியும் அங்கே ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் என்று சொல்லலாம். இப்பேர்ப்பட்ட இடத்திலிருந்துதான், ஆணை விரும்பும் ஆணுக்கும், பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும், திருநங்கை திருநம்பிகளுக்கும் மற்ற மனிதர்களுக்குள்ள உரிமை அத்தனையும் உண்டு என்று பகிரங்கமாய்ச் சொல்லக்கூடிய பாடகர்கள் கிளம்பியிருக்கின்றார்கள்.

“இது எங்கள் பரம்பரைப் பாட்டு; இதில் இந்த அசிங்கங்களுக்கு இடமில்லை” என்று சிலர் அங்கே கூச்சல் போடுகின்றார்கள். பரம்பரையின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். அந்தப் பாட்டுக்கு உயிரான பேஞ்சோ என்னும் வாத்தியமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்களின் வாத்தியம். ஆப்ரியின் ஆரம்ப காலத்தில் பெரும் புகழ்பெற்ற டிஃபோர்ட் பெய்லி ஒரு கறுப்பர். மேடையில் அவர் வாசிப்புக்குக் கைதட்டியவர்கள், வெளியூர் போனால் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டலில் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. 1941-ல் அவரை வேலையை விட்டும் நீக்கினார்கள். பிறகு அவர் ஜோடுகளுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தார். 1966-ல் சார்லி பிரைட் என்ற கறுப்புப் பாடகரின் இசைத்தட்டை ரேடியோக்காரர்களுக்கு அனுப்பிய கம்பெனியார், அவருடைய படத்தை வைக்காமல் மறைத்தே அனுப்பினார்கள். குரல் வேண்டும், முகம் வேண்டாம்! இதுதான் இவர்கள் பெருமை பேசும் பரம்பரை. பிறர் சொத்தை எடுத்துக்கொண்டு, உரியவனையே வாசலில் நிறுத்துகின்றவர்களுக்குப் பரம்பரையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

நிற்க, ஆட்சேபணை செய்கின்றவர்கள் உண்மையில் யார் என்று பார்த்தால், பாட்டைக் கேட்கும் ஜனங்களைவிட, பாட்டை விற்கும் ரேடியோ முதலாளிகளே முன்னால் நிற்பது தெரியவரும். கெண்டக்கி மாகாணத்தில் ஒரு சுரங்கக் கூலியின் மகளாய்ப் பிறந்து, 15 வயதில் கலியாணமாகி, 20 வயதுக்குள் நாலு குழந்தைகளைப் பெற்ற லொரெட்டா லின் என்ற அம்மையார், 1975-ல் கர்ப்பத்தடை மாத்திரையைப் போற்றி ஒரு பாட்டு வெளியிட்டார். பல ரேடியோ நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. பாதிரிகள் பிரசங்க மேடையில் வைது தீர்த்தார்கள். ஆனால் பிள்ளை பெற்றுச் சலித்த பட்டிக்காட்டுப் பெண்களோ அந்தத் தட்டைத் தேடி வாங்கினார்கள். 2003-ல் ‘டிக்ஸி சிக்ஸ்’ என்ற பெயரிலிருந்த மூன்று பெண்மணிகளின் கோஷ்டியார், ஈராக் யுத்தத்திற்கு முன் ஜனாதிபதி புஷ்ஷைக் கண்டித்து ஒரு வார்த்தை சொன்னதற்காக, ரேடியோ நிலையங்கள் ஒன்றுசேர்ந்து அவர்கள் பாட்டைப் பகிஷ்கரித்தன. வாயைத் திறந்தால் சோற்றில் மண் விழும் என்று மற்றப் பாடகர்களெல்லாம் அன்று பாடம் படித்துக் கொண்டார்கள். இந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டே, பேசியவர்களின் தைரியத்தை நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவதாகச் சொல்லத் தகுந்தவர் பாட்ரிக் ஹாகர்ட்டி என்பவர். அவர் வாஷிங்டன் மாகாணத்தில் ஒரு பால்பண்ணைக் குடியானவரின் மகன். மகனுடைய சுபாவத்தைக் கண்டுகொண்ட அந்தத் தகப்பனார், அவனை அடிக்கவில்லை. பாதிரியிடம் இழுத்துக்கொண்டும் போகவில்லை. நீ யாராக இருந்தாலும் ஒளிந்து மறைந்து மாத்திரம் வாழாதே என்றுதான் புத்தி சொன்னார். அதிகம் படியாத ஒரு குடியானவருக்கு இருந்த அறிவு, பெரிய பெரிய வேதாந்திகளுக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த மகன் 1973-ல் ‘லாவண்டர் கண்ட்ரி’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஆணை ஆண் விரும்புவதை வெளிப்படையாய்ப் பாடிய முதல் கண்ட்ரி இசைத்தட்டு அதுவென்று சொல்லப்படுகின்றது. அடித்ததே 1000 தட்டுகள்தான். அத்துடன் அவருக்கு அந்தத் தொழிலில் வாசல் அடைபட்டது. பிறகு பல வருஷகாலம் முதியோர் விடுதிகளில் பழைய பாட்டுகளைப் பாடிக் கொண்டிருந்தார். 2014-ல் அத்தட்டு மறுபடியும் வெளிவந்தபோதுதான் தேசம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 2022-ல் அவர் காலமானார். 40 வருஷம் கழித்துக் கிடைத்த கைதட்டலுக்காக அவர் ஒரு சொல்லையும் மாற்றிக்கொண்டதில்லை.

அடுத்தபடியாக, கார்த் புரூக்ஸ் 1992-ல் தம் புகழின் உச்சியில் இருக்கும்போது, நிறம், மதம் முதலிய வித்தியாசங்களோடு, யார் யாரை விரும்புவது என்கின்ற வித்தியாசமும் ஒழிய வேண்டுமென்று பாடினார். அவருடைய சகோதரியே பெண்ணை விரும்பும் பெண். வெளியிடுவதெல்லாம் முதல் பத்து இடங்களுக்குள் வந்துகொண்டிருந்தவருக்கு அந்தப் பாட்டு 12-ஆவது இடத்தோடு நின்றது. சில நிலையங்கள் அதைத் தொடவே மறுத்தன. டெக்சாஸ்காரரான வில்லி நெல்சன் 2006-ல், 72 வயதில், மாட்டுக்காரர்களுக்குள் இருக்கும் ரகசிய அன்பைப் பற்றிய பாட்டொன்றை, காதலர் தினத்தன்றே சிரிக்கச் சிரிக்கப் பாடி வெளியிட்டார். டாலி பார்ட்டன் அம்மையார் 2005-ல், ஒரு திருநங்கையின் கதையான சினிமாப் படத்திற்குப் பாட்டெழுதிப் பாடினார். அது ஆஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது.

ஆனால் கிழவர்களும் கோடீஸ்வரர்களும் பேசுவது ஒன்று. பேசினால் பிழைப்புப் போய்விடக் கூடியவர்கள் பேசுவது வேறொன்று. 1999-ல் முதலிடம் பெற்ற பாட்டைப் பாடிய ஷெலி ரைட் அம்மையார், தாம் பெண்ணை விரும்பும் பெண் என்பதை வெளியில் சொல்ல முடியாமல் பல வருஷம் புழுங்கி, 2006-ல் தம் உயிரையே முடித்துக் கொள்ளும் எல்லை வரையில் போய் மீண்டதாகத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கின்றார். 2010-ல் அவர் பகிரங்கமாய்ச் சொன்னார். அந்தத் தொழிலில் பெயர்பெற்றவர்களில் அப்படி முதன்முதலில் சொன்னவர்களில் அவரும் ஒருவர். பலனாக வசைக் கடிதங்கள் வந்தன. தட்டுகளின் விற்பனை குறைந்தது. இந்த அம்மையாரைச் சாவின் விளிம்புக்குத் தள்ளியது எது? அவருடைய அன்பா, அல்லது அந்த அன்பைப் பாவமென்று சின்ன வயதிலேயே புகட்டிய மதமா என்று யோசித்துப் பார்க்கக் கோருகின்றோம்.

2013-ல் கேசி மஸ்கிரேவ்ஸ் என்ற டெக்சாஸ் பெண்மணி, தன்பால் விருப்பமுடையவர்களென்று வெளிப்படையாய் வாழும் இரண்டு பாட்டாசிரியர்களோடு சேர்ந்தெழுதி, அவரவர் மனம்போல் யாரை வேண்டுமானாலும் விரும்பலாமென்று ஒரு பாட்டு பாடினார். ரேடியோக்காரர்கள் அதைப் பெரும்பாலும் ஒதுக்கினார்கள். ஆனால் 2014-ல் அந்தத் தொழிலாளர்களின் சங்கமே அதை அவ்வருஷத்திய சிறந்த பாட்டாகத் தேர்ந்தெடுத்தது! அதே 2014 நவம்பரில் டை ஹெர்ன்டன், பில்லி கில்மன் என்ற இரு பாடகர்கள் ஒரே நாளில் தங்கள் உண்மையை வெளியிட்டார்கள். 2021-ல் டி.ஜே. ஆஸ்பர்ன் வெளியிட்டார். ஒருவர் கதவைத் திறந்தால் அடுத்தவருக்குத் தைரியம் வருகின்றது. இதற்குத்தான் பிரசாரம் என்று பெயர்.

இனி சட்டத்தின் சங்கதிக்கு வருவோம். 2015 ஜூன் 26-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஒரே பாலைச் சேர்ந்த இருவர் செய்துகொள்ளும் கலியாணம் தேசமெங்கும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதில் எதிர்வாதம் செய்து தோற்ற நான்கு மாகாணங்களில் டென்னிசியும் கெண்டக்கியும் இரண்டு. தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 2023 மார்ச்சில் டென்னிசி சர்க்கார், ஆண் பெண் வேஷமும் பெண் ஆண் வேஷமும் கட்டி ஆடும் சில ஆட்டங்களைப் பொது இடங்களில் தடுக்க ஒரு சட்டமும், 18 வயதுக்குட்பட்ட திருநர்களுக்குப் பால்மாற்று சிகிச்சை செய்யக்கூடாதென்று இன்னொரு சட்டமும் செய்தது. அதே மாதம் 20-ந் தேதி, அதே நாஷ்வில்லில், ஆலிசன் ரஸ்ஸல், ஜேசன் இஸ்பெல், மேரன் மாரிஸ், ஷெரில் குரோ முதலியவர்கள் ஒரு பெரிய அரங்கில் கச்சேரி நடத்தி, பாதிக்கப்பட்டவர்களின் சங்கங்களுக்கு நிதி சேர்த்துக் கொடுத்தார்கள். இவர்களில் மேரன் மாரிஸ், 2022-ல் ஒரு டெலிவிஷன்காரர் தம்மைப் பைத்தியக்காரி என்ற பொருளில் பரிகசித்தபோது, அந்த வசவையே சட்டையில் அச்சடித்து விற்று, 1,00,000 டாலருக்கு மேல் திரட்டித் திருநர்களின் உதவிக்குக் கொடுத்தவர். கல்லெறிந்தால் அதைக்கொண்டே வீடு கட்டுகின்ற புத்திசாலித்தனம் என்பது இதுதான்.

எல்லாம் ஜெயம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆட்டத் தடைச் சட்டத்தை 2023-ல் ஒரு ஜட்ஜ் செல்லாதென்றார். 2024-ல் மேல்கோர்ட்டு, வழக்குத் தொடுத்தவர்களுக்கு வழக்காட உரிமையில்லை என்று அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. சிகிச்சைத் தடையை 2025 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டே ஆறுக்கு மூன்று ஜட்ஜுகள் அபிப்பிராயத்தில் உறுதி செய்துவிட்டது. ஆகவே சண்டை முடியவில்லை. தவிரவும், தன் தட்டு விற்று முடிந்து, வயதான பிறகு நல்ல வார்த்தை சொல்லுகின்றவர்களும், “அரசியல் வேறு, பாட்டு வேறு” என்று சொல்லிவிட்டு, தேசபக்திப் பாட்டை மாத்திரம் விடாமல் பாடுகின்றவர்களும் அங்கே ஏராளம்.

ஆயினும் ஒரு விஷயம் நிச்சயம். 2023-ல் டைலர் சில்டர்ஸ் என்ற கெண்டக்கிப் பாடகர், தம் காதல் பாட்டொன்றுக்கு, 1950-களில் வாழ்ந்த இரண்டு நிலக்கரிச் சுரங்கக் கூலிகள் ஒருவரையொருவர் விரும்பி, சேர்ந்து வாழ்ந்து, கரித்தூசி நோயால் பிரிகின்ற கதையைப் படமாய் எடுத்து வெளியிட்டார். கதையை எழுதியவர் அப்போது அம்மாகாணத்தின் ஆஸ்தான கவியாக இருந்த சைலஸ் ஹவுஸ். தம்மோடு அண்ணனைப்போல் வளர்ந்த உறவினர் ஒருவர் ஆணை விரும்புகின்றவர் என்றும், அவரைப் போன்றவர்களுக்குத் தங்கள் பாட்டில் இடமில்லாதிருப்பது தவறென்றும் பாடகர் காரணம் சொன்னார். பட்டணத்துப் பண்டிதர் நூறு பிரசங்கம் செய்வதைவிட இது மேலானது. ஏனெனில், “அவர்கள் யாரோ அன்னியர் அல்ல, உன் சுரங்கத்தில் உன்னோடு கரி வெட்டியவர்கள்” என்பதை அக்கூட்டத்திற்கு அக்கூட்டத்தின் பாஷையிலேயே சொல்லுகின்றது.

“பைபிளில் தடுத்திருக்கின்றதே” என்பார்கள். வர்ஜீனியாவில் வெள்ளைக்காரனும் கறுப்புப் பெண்ணும் கலியாணம் செய்ததற்காக அவர்களைத் தண்டித்த ஜட்ஜ், கடவுள் ஜாதிகளைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்ததே அவை கலக்கக் கூடாதென்பதற்காகத்தான் என்று எழுதினார். 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தைக் குப்பையில் போட்டது. கடவுள் ஒன்றும் அப்பீல் செய்யவில்லை. தெற்கு பாப்டிஸ்ட் சபையோ, 1845-ல் அடிமை வைத்திருப்பவர்களுக்காகவே பிரிந்து உண்டானது. 1995-ல் அதற்காக மன்னிப்புக் கேட்டது. ஆகக் கடவுள் தமது அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள அந்த விஷயத்தில் 150 வருஷம் பிடித்திருக்கின்றது. இந்த விஷயத்தில் எத்தனை வருஷமோ! மனிதன் அதுவரை காத்திருக்க வேண்டுமா?

சுயமரியாதைக்காரர்களுக்கு இது புதிதல்ல. புரோகிதனில்லாமல் நடந்த நம் கலியாணங்கள் கலியாணமே அல்லவென்று 1953-ல் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 1967-ல் அண்ணா மந்திரிசபை சட்டம் செய்த பிறகே, முன் நடந்தவையும் சேர்த்து அவை செல்லுபடியாயின. அந்த 14 வருஷமும் நம் தாய்மார்களைப் பார்த்து, நம் குழந்தைகளைப் பார்த்து, ஊரார் என்ன சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியும். அதே சொல்லை இன்று இன்னொருவரைப் பார்த்து நாமே சொல்லலாமா? நம் நாட்டில் 2018-ல் தன்பால் உறவு குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2023-ல் அவர்களுடைய கலியாணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. ஆதலால் வேலை நம் வாசலிலும் பாக்கியிருக்கின்றது.

இவர்களுக்கு நாம் காட்ட வேண்டியது இரக்கமல்ல, தயவுமல்ல. ஒருவன் உரிமையை அவனிடம் கொடுப்பதற்குத் தர்மம் என்று பெயரிடுவதே அயோக்கியத்தனம். தன் கூட்டத்தார் நடுவில் நின்று, தன் கூலியைப் பணயம் வைத்து, “இவனும் என்னைப்போல் மனிதன்” என்று சொல்லுகின்றவனே மானமுள்ளவன். அந்தப் பாடகர்கள் தங்கள் மேடையில் அதைச் சொன்னார்கள். நம் வாசகர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையிலும், டீக்கடையிலும், பந்தியிலும் அதைச் சொல்ல முன்வர வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.