மகன் கேட்கும் அரம்

தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மாமனார் கொல்லுப் பட்டறை வைத்திருந்தவர். நாட்டுத் துப்பாக்கிக்குக் குதிரை, வில், விசை எல்லாம் அராவிக் கொடுத்தவராம். இப்போது மகன் ஃபிட்டர் படிப்பை முடித்துவிட்டு, "தாத்தா மாதிரி நானும் செய்கிறேன், கருவி வாங்கப் பணம் கொடு" என்கிறானாம். காதுத் தோட்டை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் ஊர்தானே பழைய தகடூர்! அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவைப் பாட்டி என்ன செய்தாள்? நெய் பூசி மாலை சூட்டிய அவனுடைய ஆயுதங்களைப் பார்த்தாள். எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டாள். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. பளபளப்பில் மயங்காதே என்பது கருவி வாங்குகிறவர்களுக்கும் பாடந்தான்.

நானும் ஒருமுறை மயங்கினேன். தம்பிக்காக ஒரு கடையில் பன்னிரண்டு அரம் கொண்ட அழகான பெட்டியை மலிவாக வாங்கினேன். ஒரே மாதத்தில் எல்லாம் மழமழவென்று ஆகிவிட்டன!

ஆகவே, நாலு அரம் போதும்: தட்டை, அரைவட்டம், முக்கோணம், எலிவால். தட்டை அரத்தில் ஒரு விளிம்பு பல் இல்லாமல் இருக்கட்டும். மூலையை அராவும்போது பக்கத்து முகம் காயப்படாது. கடையில் அரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல் நுனிகள் வெள்ளையாக மின்னினால் அது தேய்ந்த சரக்கு. மரப்பிடி இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். வால் முனை உள்ளங்கையில் ஏறிவிடும்.

வைஸ் பழையதானாலும் பரவாயில்லை. இரண்டு தாடைகளும் சமமாகச் சேர வேண்டும், திருகு ஆடக் கூடாது. மேசையில் பொருத்தினால் பையனுடைய முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். மெல்லிய தகடு அறுக்க அங்குலத்துக்கு 32 பல் உள்ள ரம்பத் தகடு நல்லது. பெரிய பல் தகட்டில் மாட்டி முறிந்துவிடும்.

அரிவாள்மணையைப் பாத்திரக் குவியலில் போடுவோமா? அரங்களையும் அப்படித்தான், ஒன்றோடொன்று உரசாமல் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். பல்லில் சுண்ணக்கட்டி தேய்த்தால் தூள் அடைக்காது.

இனி முக்கியமான சங்கதி. துப்பாக்கி உறுப்பு மட்டும் வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உறுப்பும் ஆயுதந்தான். துப்பாக்கிக்காரரிடம் லைசென்ஸ் இருந்தால் போதாது. செய்கிறவருக்கும், பழுது பார்க்கிறவருக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். 2019-இல் திருத்தம் வந்த பிறகு, இல்லாமல் செய்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. தாத்தாவின் பெயரைச் சொல்லி யாராவது ரகசியமாக வேலை கொண்டுவந்தால், பையன் வாசலிலேயே மறுத்துவிட வேண்டும். இதை இன்றே அவனிடம் பேசிவிடுங்கள்.

அதனால் தாத்தாவின் கைத்திறன் வீணாகுமா? ஒருநாளும் இல்லை! டிரங்குப் பெட்டிப் பூட்டுக்குள்ளேயும் வில் உண்டு, நெம்பு உண்டு, கொக்கி உண்டு. தையல் மெஷினுக்கும் உறுப்பு தேய்கிறது. அதே அரம், அதே கை.

தோடு காதிலேயே இருக்கட்டும், அம்மா. நாலு அரமும் ஒரு பழைய வைஸும் வாங்கிக் கொடுங்கள். மற்றவற்றை அவன் சம்பாதித்து வாங்கிக்கொள்வான். முதல் வேலையாக உங்கள் வீட்டுப் பெட்டிப் பூட்டையே அவனிடம் கொடுத்துப் பாருங்களேன்!