பவர் மீட்டர்: விலையை அல்ல, பொருத்தத்தைப் பாருங்கள்

மிதிக்கும் திறனை வாட் கணக்கில் காட்டுவது பவர் மீட்டர். சரளைப் பாதையில் ஓடும் கிராவல் பைக்கிற்கு ஒன்று வாங்கப் போகிறீர்களா? விலைப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம். முதலில் உங்கள் கிராங்க் எது என்று பாருங்கள்.

டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ராம் ஏறாது அல்லவா? இங்கும் அதே கதைதான். ஷிமானோ ஜிஆர்எக்ஸ் கிராங்க்கின் அச்சு 24 மி.மீ. ஸ்ராம் டப் அச்சு 28.99 மி.மீ. ஒன்றின் மீட்டர் மற்றதில் மாட்டாது.

இடது கிராங்க்கில் மட்டும் மாட்டும் மீட்டர் விலை குறைவு. ஆனால் அது இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குகிறது. இடது 110, வலது 130 வாட் என்றால் உண்மையில் 240; திரையில் 220. களைப்பில் கால்களின் பங்கு மாறினால் ஒப்பிடவும் உதவாது.

என் ஓட்டு இரு பக்கமும் அளக்கும் பெடல் மீட்டருக்கே. கல்லில் இடிபடும் அபாயம் உண்டுதான். ஆனால் கிராங்க்கின் அச்சைப் பற்றிய கவலை இல்லை. பைக்கை மாற்றினாலும் கழற்றி மாட்டலாம். உங்கள் ஷூவின் கிளீட்டுக்குப் பொருந்துமா என்று மட்டும் பாருங்கள். ஆன்ட் பிளஸ், ப்ளூடூத் இரண்டும் இருக்கட்டும். பெரும்பாலான செல்போன்களுக்கு ப்ளூடூத் மட்டுமே புரியும்.

கிராங்க், கிளீட், வயர்லெஸ்: இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பணம் வீணாகாது.